ஓர் அங்குல வீரனும் 12 முழ ஈட்டியும்

எங்கள் வரலாற்று மன்றத்தின் கண்காட்சியில், மேசைமீது அணிவகுத்து நின்ற அலெக்சாந்தரின் ஈட்டிப் படையைப் பார்த்தவர்கள் எங்களிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். பெற்றோர் பலர் கேட்டது, "இவ்வளவு மெல்லிய ஈட்டிகளை எப்படி ஒட்டினீர்கள்?" என்பது. சிஸ்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டது, "பெண் பிள்ளைகளுக்குப் போர்ப் பொம்மைகள் எதற்கு?" என்பது. அன்று கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் கூறிவிடுகிறோம். பொம்மை வீரர்களை வைத்து விதிகளோடு போர் விளையாடும் பழக்கத்தை இங்கிலாந்தில் பரப்பியவர்களுள் ஒருவர் எச். ஜி. வெல்ஸ் என்ற எழுத்தாளர். 1913ஆம் ஆண்டு 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் அவர் இந்த விளையாட்டின் விதிகளை எழுதினார். அதன் நீண்ட தலைப்பிலேயே சிறுவர்களை அழைத்துவிட்டு, போனால் போகிறதென்று அறிவுள்ள சிறுமியரையும் சேர்த்துக்கொண்டார்! அந்த அழைப்பை நாங்கள் ஏற்றுக்கொண்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெய்யான போரைவிடப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதுதான் அவர் அந்நூலில் வாதாடிய கருத்தும். அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் மெய்யான போர் மூண்டது.

இனி ஈட்டிக்கு வருவோம். இங்கிலாந்தில் இருக்கும் ஒரு மாணவியின் சிற்றப்பா அனுப்பிய பெட்டியில் 32 உலோக வீரர்கள் இருந்தார்கள். 28 மில்லிமீட்டர் அளவு என்று இவற்றைக் கூறுவார்கள். அதாவது ஓர் அங்குலத்திற்குச் சற்று மேல். கைகள் எதையோ பிடிப்பதுபோல் மடிந்திருந்தன. ஆனால் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. ஈட்டியை நாமே செய்துகொள்ள வேண்டுமாம்.

எவ்வளவு நீளத்தில் செய்வது? மாசிடோனியர் இந்த நீண்ட ஈட்டியைச் சரிசா என்று அழைத்தார்கள். மிக நீண்ட சரிசா 12 முழம் என்பதைத் தாவரங்களைப் பற்றி எழுதிய தியோப்ராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞரின் குறிப்பிலிருந்து அறிகிறோம். 12 முழம் என்றால் ஏறத்தாழ ஐந்தரை மீட்டர். நம் அம்மாக்கள் உடுத்தும் ஒரு சேலையின் முழு நீளம்! அதை ஒருவன் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, கேடயத்தைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டு நடந்தான். எங்கள் வீரன் மெய்யான மனிதனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்குப்படி ஈட்டி 9 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம் இருக்க வேண்டும். வீரனைப்போல் மூன்று மடங்கு உயரம்.

எல்லாத் தொல்லையும் இந்த மூன்று மடங்கிலிருந்துதான் தொடங்குகிறது. வாள் ஏந்திய வீரனைச் செய்து, வண்ணம் பூசி, பிறகு எங்கே வைப்பது என்று யோசிக்கலாம். ஈட்டி வீரனுக்கு அது நடவாது. இதை நாங்கள் நட்டப்பட்டே கற்றோம். முதல் முறை 32 பேரையும் முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு செருப்புப் பெட்டியைத் தேடி எடுத்தோம். பெட்டியின் உயரம் ஈட்டியைவிட ஒரு விரற்கடை குறைவு. யாரோ மூடியை அழுத்தினார்கள். திறந்து பார்த்தால் 11 ஈட்டிகள் கையைவிட்டுக் கழன்று கிடந்தன. அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் செய்திருந்தோம். எஞ்சிய வீரர்களை மேசையில் வைத்தபோது, பார்க்க ஓடி வந்த ஒரு சிறுமி கையூன்றினாள். நாங்கள் பெருமையோடு கூராக்கிய முனை அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. சிறு காயந்தான். ஆனாலும் அன்று மாலை அத்தனை ஈட்டிகளையும் கழற்றிவிட்டோம்.

ஈட்டியைக் குட்டையாக்கிவிடலாம் என்று எங்களில் சிலர் கூறினார்கள். மற்றவர்கள் ஒப்பவில்லை. நீளம் போனால் அந்தப் படையில் என்ன இருக்கிறது? அவர்கள் வழக்கமாக 16 வரிசை ஆழத்தில் நின்றார்கள். முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகளும் முன்வரிசை வீரனைத் தாண்டி நீண்டிருந்தன என்றும், பின்வரிசையினர் ஈட்டிகளைச் சாய்வாக உயர்த்திப் பிடித்து மேலிருந்து வரும் அம்பு முதலியவற்றைத் தடுத்தார்கள் என்றும் பாலிபியஸ் எழுதியிருக்கிறார். எதிரியின் வாள் எட்டுவதற்கு முன்னே ஐந்து முனைகள் அவன் மார்புக்கு நேரே! அதே நீளந்தான் அவர்களைக் கெடுக்கவும் செய்தது. கி.மு. 168இல் பிட்னா என்னுமிடத்தில் மேடுபள்ளமான தரையில் அணி பிளந்தது. இடைவெளியில் புகுந்த ரோமானியரின் குட்டை வாளுக்கு முன் நீண்ட ஈட்டியைத் திருப்ப முடியவில்லை. ஆகவே நீளத்தை விடக்கூடாது, முனையை மட்டும் மழுக்குவது என்று முடிவாயிற்று.

முதலில் பித்தளைக் கம்பியில் செய்து பார்த்தோம். தொட்டால் வளைந்தது, வளைந்தது நிமிரவில்லை. தென்னை ஈர்க்கு மழை நாளில் கோணிக்கொண்டது. எஃகுக் கம்பிதான் ஏற்றது. வளைத்தாலும் தானே நிமிர்ந்துவிடும். மெய்யான காம்பின் பருமனைக் கணக்கிட்டால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகந்தான் வரும். அது நடுங்கும் என்பதால் 0.8 மில்லிமீட்டர் கம்பியை எடுத்தோம். குறடால் வெட்டும்போது துண்டு தெறித்துப் பறக்கும். துணியால் மூடிக்கொண்டு வெட்ட வேண்டும், கண்ணாடியும் அணிய வேண்டும். நுனியை மட்டும் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியை முன்னிலையில் சிவக்கக் காய்ச்சி, மெல்ல ஆறவிட்டு, சுத்தியால் தட்டினால் இலைபோல் தட்டையாகும். அதை அரத்தால் ராவி உருவம் கொடுத்து, கடைசி முனையை உருண்டையாக்கிவிட வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிவதேயில்லை.

வீரர்களை ஆயத்தம் செய்வது எளிது. வார்ப்பின் விளிம்பில் நிற்கும் பிசிறை ராவி நீக்கி, சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தால் போதும். ஆனால் பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் கலந்திருக்கும். ஆதலால் செய்தித்தாள் விரித்துக்கொண்டு, ராவிய தூளை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, வேலை முடிந்ததும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். தின்பண்டத்தை அருகில் வைக்கவே கூடாது. சிறு குழந்தைகளை இந்த வேலைக்குச் சேர்க்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிறகு கை டிரில்லால் வீரனின் கைக்குள் துளையிட வேண்டும். அவசரப்பட்டால் துளை கோணிக் கையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். (இரண்டு வீரர்கள் இப்படி ஊனமுற்றுக் கடைசி வரிசைக்குப் போனார்கள்.) இந்த நிலையில் பசையில்லாமல் ஈட்டிகளைச் செருகி, பின்னவனின் ஈட்டி முன்னவர் இருவருக்கும் நடுவே செல்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஒட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

ஈட்டிக்கும் வீரனுக்கும் தனித்தனியே வண்ணம் பூச வேண்டும். ஈட்டியை ஒட்டிவிட்டால் முகத்துக்கும் கேடயத்துக்கும் பிரஷ் போகாது. கம்பியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடிப்பூச்சுக் கொடுத்தால்தான் வண்ணம் பிடிக்கும், துருவும் வராது. வரிசையாகத் தெர்மாகோலில் குத்தி வைத்து, காம்புக்கு மரத்தின் பழுப்பும், இலைக்கும் அடிக் குப்பிக்கும் உலோக வண்ணமும் மெல்லியதாக இருமுறை பூசினோம். வீரனின் உடைக்கு விருப்பம்போல் பூசலாம், அதில் சொல்ல அதிகமில்லை.

ஒட்டுவதற்கு உடனே பிடிக்கும் பசை வசதிதான். ஆனால் ஒரு தட்டுத் தட்டினால் விட்டுவிடுகிறது. அரால்டைட் போன்ற, இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கும் பசை காய நேரமாகும். பொறுத்திருந்தால் அதுவே நிற்கும். ஈட்டி ஓரிடத்தில் மட்டும் தொட்டால் நிச்சயம் கழலும். இரு கைகளிலும், கூடுமானால் தோளிலோ கேடயத்திலோ தொட வேண்டும். நிமிர்ந்த ஈட்டியானால் அடிமுனையைக் கீழ்த்தகட்டில் சிறு துளையிட்டு இறக்கிவிடலாம். எங்கள் முன்னிரு வரிசைகள் ஈட்டியைத் தாழ்த்தியும் பின்னிரு வரிசைகள் நிமிர்த்தியும் நிற்கின்றன. தாழ்த்திய ஈட்டி ஆறு சென்டிமீட்டர் வெளியே நீளுகிறது. விளையாடும்போது எதிரிப் படை அருகில் வரவே முடியாது. அதனால்தான் விளையாடுபவர்கள் பலர் எல்லா ஈட்டிகளையும் நிமிர்த்தியே வைக்கிறார்கள். கண்காட்சிக்கு எங்கள் முறையே அழகு.

எல்லாம் காய்ந்தபின் வார்னிஷ் பூச வேண்டும். முதலில் பளபளப்பானது, அதன்மேல் மங்கலானது. கை படும் இடத்தில் முதலில் உரிவது ஈட்டியின் வண்ணமே. ஆகவே காம்புக்கு இன்னொரு முறை பூசினாலும் தகும்.

இம்முறை பெட்டியை முதலிலேயே வாங்கிவிட்டோம். உள்ளுயரம் 13 சென்டிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் பெட்டி. நால்வர் நால்வராக இரும்புத் தகட்டில் நிறுத்தி, பெட்டியின் அடியில் காந்தத் தாளை ஒட்டினோம். பெட்டியைச் சாய்த்தாலும் படை அசைவதில்லை. பஞ்சு மெத்தையில் படுக்க வைத்தால் ஈட்டியைத்தான் அது முதலில் பிடித்து இழுக்கும். மரப்பெட்டியும் வேண்டாம். ஓக் போன்ற மரங்களிலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். அருங்காட்சியகங்களிலேயே இப்படி நேர்ந்திருக்கிறது.

பெட்டியின் மூடியில் "ஈட்டியைத் தொடாதே, தகட்டைப் பிடி" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். வரலாற்று அறை அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. பார்க்க விரும்புவோர் மதிய இடைவேளையில் வரலாம், எங்களில் ஒருவரைக் கூப்பிட்டால் எடுத்துத் தருகிறோம்.