ஸ்மூத்தியா... சர்க்கரைப் பாகா?

தீபாவளி ஆஃபரில் வீட்டுக்கு ஒரு புது பிளெண்டர் வந்து இறங்கினால் முதல் வேலையாக என்ன செய்வீங்க? கையில் கிடைத்ததை எல்லாம் உள்ளே தள்ளி, 'விர்ர்ர்'னு ஒரு சுத்து சுத்துவீங்க. நானும் அதைத்தான் செய்தேன் பாஸ்! மோரீஸ் வாழைப்பழம் ஒண்ணு, பேரீச்சை நாலு, ஒரு டேபிள் ஸ்பூன் தேன், ஒரு டம்ளர் பால். 'சர்க்கரையே போடலைப்பா, ஃபுல் ஹெல்த்தி!' என்று பில்டப் கொடுத்து அப்பா கையில் நீட்டினேன். அப்பாவுக்கு சுகர் உண்டு. 'சூப்பர்டா!' என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டு ஒரே மூச்சில் காலி செய்தார்.

ரெண்டு மணி நேரம் கழித்து அம்மா குளுக்கோமீட்டரில் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்தால்... 286! 'ஏன்டா, அப்படி என்னத்தைக் கலந்து கொடுத்தே?' என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. செம பல்பு!

அன்று ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் கார்போஹைட்ரேட் சுமார் 27 கிராம். நாலு சின்ன பேரீச்சையில் 20 கிராமுக்கு மேல். ஒரு டேபிள் ஸ்பூன் தேனில் 17. ஒரு டம்ளர் பாலில் 10. கூட்டிப் பாருங்க... 75 கிராமைத் தாண்டுகிறது. ஒரு கப் சாதத்தில் இருப்பது சுமார் 45 கிராம்தான். அதாவது, ஒன்றரை கப் சோற்றுக்கும் மேலே உள்ளதை அப்பா ஒரே நிமிஷத்தில் குடித்திருக்கிறார். சாதமாவது மெல்ல டைம் எடுக்கும். இது வழுக்கிக்கொண்டு போய்விடும்!

இத்தனைக்கும் அந்த டம்ளரில் இருந்த புரோட்டீன் வெறும் 8 கிராம். ஆக, 'ஹெல்த்தி' என்கிற பெயரில் நாம குடிக்கிறது பல சமயம் சர்க்கரைப் பாகுதான் மக்களே!

எவ்வளவு வேணும்?

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரோட்டீன் போதும். நீங்க 60 கிலோ என்றால் சுமார் 50 கிராம். இதற்காக பாக்கெட் மணியை எல்லாம் கொட்டி, டப்பா டப்பாவாக பவுடர் வாங்கணுமா? அதே நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், புரோட்டீன் சப்ளிமென்ட்டுகளைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது. மளிகைக் கடையே போதும்!

மூணு டம்ளர்... மூணு டேஸ்ட்!

கடலை கலாட்டா: ஒரு கைப்பிடி (30 கிராம்) பச்சை வேர்க்கடலையை ராத்திரியே ஊறப்போடுங்க. காலையில் தண்ணீரை வடித்துவிட்டு 150 மில்லி கெட்டித் தயிர், ஒரு சிட்டிகை பட்டைத்தூள், கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மையாக அடிங்க. புரோட்டீன் சுமார் 12 கிராம். கார்ப்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

பட்டர் பனீர்: கொடைக்கானல் மலைப் பக்கம் விளைகிற பட்டர் ஃப்ரூட் பாதி, பனீர் 50 கிராம், பால் 100 மில்லி, ஒரு ஏலக்காய். புரோட்டீன் 13 கிராம் வரை வரும். பட்டர் ஃப்ரூட்டில் இருக்கிற கார்ப்பில் பெரும்பகுதி நார்ச்சத்து என்பதால் சுகர் எகிறாது. கொழுப்பு ஜாஸ்தி, அதனால் இதைக் குடித்துவிட்டு நாலு இட்லியையும் உள்ளே தள்ளாதீங்க.

காரசார மோர்: இனிப்பே வேண்டாம் என்கிற கோஷ்டிக்கு! தயிர் 200 மில்லி, ஊறவைத்துத் தோல் உரித்த பாதாம் 10, சின்னத் துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, உப்பு. புரோட்டீன் 9 கிராம். பக்கத்தில் ஒரு அவித்த முட்டை வைத்துக்கொண்டால் இன்னும் 6 கிராம்.

பொட்டுக்கடலையை ஏன் விட்டுட்டேன்னு கேட்கறீங்களா? அதில் புரோட்டீன் உண்டு, ஆனால் நூறு கிராமில் பாதிக்கு மேல் கார்ப். ரெண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தால் ஓகே.

ஜிம் பாய்ஸ் கவனத்துக்கு!

பச்சை முட்டையை ஜாரில் உடைத்து ஊற்றி 'மடக் மடக்'னு குடிக்கிற பார்ட்டியா நீங்க? 1998-ல் பெல்ஜியத்தில் செய்த ஆய்வு ஒன்றில், வேகவைத்த முட்டையின் புரோட்டீன் 91 சதவிகிதம் செரித்தது. பச்சை முட்டையில் 51 சதவிகிதம்தான். கிட்டத்தட்ட பாதி வேஸ்ட்! போதாக்குறைக்கு சால்மோனெல்லா கிருமி ஆபத்து வேறு. சீன் போடுறதை விட்டுட்டு அவிச்சு சாப்பிடுங்க தலைவா.

பிளெண்டர் இல்லையா? நோ டென்ஷன்!

வெளிநாட்டு மிக்ஸர்கள் நம்ம ஊர் மசாலாவுக்கும் சட்னிக்கும் தாக்குப்பிடிக்காமல் போனதால்தான், 1960-களில் மும்பையில் 'சுமீத்' மிக்ஸி பிறந்தது. உளுந்தையே அரைக்கிற மிக்ஸிக்கு ஸ்மூத்தி எல்லாம் ஜுஜுபி. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மிக்ஸி திட்டத்தில் வந்தது இன்னும் ஓடுதா? அதுவே தாராளம்.

பிளெண்டரோ, மிக்ஸியோ... முதலில் தயிர், பால் மாதிரி திரவம், அப்புறம் மத்தது. அப்போதான் பிளேடு காற்றில் சுத்தாமல் எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். ஜாரில் முக்கால்வாசிக்கு மேல் வேண்டாம். விட்டு விட்டு ஓட்டுங்க. மிக்ஸி திடீரென நின்றுவிட்டால் 'செத்துப்போச்சு'ன்னு பதறாதீங்க. லோடு அதிகமானால் மோட்டார் எரியாமல் காப்பாற்ற பல மிக்ஸிகளின் அடியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ஜாரில் பாதியைக் குறைத்து, கொஞ்ச நேரம் ஆறவிட்டு, பட்டனை அழுத்துங்க. ரெடி! ரொம்ப முக்கியம்... சூடான பாலை மூடிய ஜாரில் அடிக்கவே அடிக்காதீங்க. உள்ளே ஆவி அழுத்தம் ஏறி, மூடி தெறித்து முகத்தில் கொதிக்கக் கொதிக்க அபிஷேகம் நடந்துவிடும்!

ஒரு சீரியஸ் மேட்டர்

வீட்டில் சுகருக்கு மாத்திரையோ, இன்சுலினோ எடுக்கிறவர்கள் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் கார்ப்பைத் திடீரென்று குறைக்காதீங்க. சாப்பாடு குறைந்து மாத்திரை அப்படியே தொடர்ந்தால் சுகர் ஒரேயடியாக இறங்கி மயக்கமே வரலாம். கிட்னி பிரச்னை உள்ளவர்களுக்கு எவ்வளவு புரோட்டீன் என்பதையும் டாக்டர்தான் சொல்லணும்.

நானும் அப்பாவின் டாக்டரிடம் இந்த லிஸ்ட்டை நீட்டினேன். படித்துவிட்டு, 'காலை டிபனோட சேர்த்து இல்லை, டிபனுக்குப் பதிலா' என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார். அதன்படி கடலை கலாட்டா உள்ளே போனது. ரெண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் 148.

அம்மா இப்போது என்னைக் கிச்சனுக்குள் மறுபடியும் அனுமதிக்கிறார். ஒரே கண்டிஷன்... ஜாரில் எதைப் போடுவதாக இருந்தாலும், முதலில் பேப்பரில் கூட்டிக் காட்டணும்!