மூளை ஃபேர் நோட்டு எழுதும் நேரம்

ஒரு கனவு நோபல் பரிசு வரை போன கதை தெரியுமா?

ஆஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி என்றொரு பேராசிரியர் இருந்தார். 1920களின் தொடக்கத்தில் ஓர் இரவு, தூக்கத்தில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. எழுந்து துண்டுச் சீட்டில் கிறுக்கி வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை! நல்லவேளை, அடுத்த இரவும் அதே யோசனை வந்தது. இந்த முறை சீட்டை நம்பவில்லை. எழுந்து நேராக ஆய்வகத்துக்கே போய்விட்டார்.

அங்கே இரண்டு தவளை இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் நரம்பை மின்சாரத்தால் தூண்டியதும் அதன் துடிப்பு மெதுவானது. அந்தக் கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். யாரும் தூண்டாமலே அதுவும் மெதுவானது! நரம்பிலிருந்து ஏதோ ஒரு வேதிப்பொருள் கரைசலில் கலந்திருக்கிறது. அதுதான் சேதியைக் கொண்டு போயிருக்கிறது. பின்னாளில் அந்தப் பொருள் அசிட்டைல்கோலின் என்று உறுதியானது. 1936இல், இதே துறையில் ஆராய்ந்த ஹென்றி டேலும் லோவியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நம் மூளையிலும் அசிட்டைல்கோலின் இருக்கிறது. விழித்திருக்கும்போது அதிகமாகச் சுரக்கும். பாடத்தைக் கவனிக்கவும் புதியதைக் கற்கவும் அது வேண்டும். புதிதாகக் கேட்டது முதலில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய பகுதியில் பதிகிறது. ஆனால் அது நெடுநாள் நிலைக்க, மூளையின் மேற்பரப்பான புறணியிலும் பதிய வேண்டும்.

அந்த வேலை எப்போது நடக்கிறது? ஆழ்ந்த தூக்கத்தில்தான். அப்போது அசிட்டைல்கோலின் வெகுவாகக் குறைந்துவிடும். அது குறைந்ததும், பகலில் கற்றதை ஹிப்போகேம்பஸ் திரும்பத் திரும்ப ஓட்டிப் புறணிக்கு அனுப்புகிறது. ஆசிரியர் வேகமாகச் சொல்லச் சொல்ல நாம் ரஃப் நோட்டில் எழுதுகிறோம். அதே நேரத்தில் ஃபேர் நோட்டிலும் எழுத முடியுமா? பாடம் முடிந்த பிறகுதானே முடியும்! மூளையும் அப்படித்தான்.

ஜெர்மனியின் லூபெக் நகர விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். சிலரிடம் சொற்களை இரண்டிரண்டாக மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். பிறகு, ஆழ்ந்த தூக்கத்திலும் அசிட்டைல்கோலின் குறையாதபடி ஒரு மருந்து கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்கள் தூங்கத்தான் செய்தார்கள். ஆனால் மருந்தில்லாத தூக்கம் தரும் நினைவுப் பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆக, கண்ணை மூடிப் படுத்தால் மட்டும் போதாது, மூளையின் வேதியியலும் மாற வேண்டும்.

சரி, தூக்கம் ஏன் வருகிறது? மூளை செல்கள் ஆற்றலைச் செலவழிக்கும்போது அடினோசின் என்ற பொருள் உண்டாகிறது. விழித்திருக்க விழித்திருக்க அது சேர்ந்துகொண்டே போகும். நம்மை விழிக்க வைக்கும் செல்களை அது அடக்கிவிடும். அதனால்தான் இரவு கண் சொக்குகிறது, படித்த வரியையே மறுபடி படிக்கிறோம். காபியில் உள்ள காஃபீன், அடினோசின் வந்து ஒட்ட வேண்டிய இடங்களில் தான் போய் உட்கார்ந்துகொள்ளும். தூக்கம் போனதுபோல் இருக்கும். ஆனால் சேர்ந்த அடினோசின் அங்கேயேதான் இருக்கும். அதைக் குறைக்கத் தூக்கம்தான் வேண்டும்.

எனவே, தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடிய விழித்துப் படிக்காதீர்கள். படித்ததைப் பதித்துக்கொள்ள வேண்டிய நேரத்தையே அது பறித்துவிடும். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தினமும் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறார்கள் மருத்துவர்கள். தூக்கமும் படிப்பின் ஒரு பகுதிதான்!

செய்து பாருங்கள்: உங்களுக்குத் தெரியாத 20 சொற்களை எடுத்து, பத்துப் பத்தாக இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியலை இரவு 8 மணிக்குப் படித்து, நன்றாகத் தூங்கி, காலை 8 மணிக்குப் பார்க்காமல் சொல்லுங்கள். இரண்டாவதை இன்னொரு நாள் காலை 8 மணிக்குப் படித்து, அன்றிரவு 8 மணிக்குச் சொல்லுங்கள். இரண்டுக்கும் 12 மணி நேர இடைவெளிதான். எதில் அதிகம் நினைவிருக்கிறது? ஒருமுறை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். புதுப்புதுச் சொற்களோடு பலமுறை செய்து, மதிப்பெண்களை வரிசையாகக் குறித்து வையுங்கள். நண்பர்களையும் செய்யச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.