ரேடியேட்டரை எங்கே வைப்பது?

2018 அக்டோபரில் டாட்டா நிறுவனம், கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸுடன் சேர்ந்து டியாகோ ஜேடிபி, டிகோர் ஜேடிபி என்ற இரண்டு சிறிய கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண டியாகோவின் பெட்ரோல் என்ஜின் 85 குதிரைத்திறன் கொண்டது. ஜேடிபியில் அதே உடலுக்குள் 1.2 லிட்டர் டர்போ என்ஜின் உட்கார்ந்து 114 குதிரைத்திறனைத் தந்தது. 2020 வாக்கில் இரண்டும் சந்தையிலிருந்து போய்விட்டன. ஆனாலும், சிறிய காரில் டர்போ பொருத்த நினைக்கும் எவருக்கும் அவற்றில் ஒரு பாடம் உண்டு. சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடினால், முழு வேகத்தில் கூலன்ட் சுமக்க வேண்டிய வெப்பமும் ஏறக்குறைய அதே அளவு கூடும். காரின் முகப்பு மட்டும் ஒரு அங்குலம்கூட அகலமாவதில்லை. அந்த முகப்புக்குள் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மூன்றும் இடம் கேட்கின்றன. எதையாவது வேறிடத்துக்கு நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், நகர வேண்டியது ரேடியேட்டர் அல்ல என்பதே என் வாதம். அதை முன்னாலேயே விட்டுவிட்டு, அதைத் தாண்டி வரும் சூடான காற்று எந்த வழியாக வெளியேறும் என்பதில்தான் உழைப்பைச் செலவிட வேண்டும்.

யாருக்காக இந்தப் பேச்சு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலும் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடத் தயாராகும் பந்தயக் கார்களுக்குத்தான் இது முழுமையாகப் பொருந்தும். ஆனால் நிறுவனமே டர்போ பொருத்தி விற்ற கார்களும் நம் ஊர்களில் ஏராளமாக ஓடுகின்றன. ஏன் ஹீட் ஆகிறது என்று புரிந்துகொள்ள விரும்பும் அவற்றின் உரிமையாளர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் அரும்பாவூரையே எடுத்துக்கொள்வோம். மே மாதப் பகலில் பெரம்பலூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ரேடியேட்டர் எவ்வளவு வெப்பத்தை வெளியே தள்ளும் என்பது, கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலுள்ள வெப்பநிலை வித்தியாசத்தைப் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியில் இருக்கும்போது வெளியே 20 டிகிரி என்றால் வித்தியாசம் 75. வெளியே 42 என்றால் 53தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் திறனில் முப்பது சதவீதத்துக்கு நெருக்கமாகப் போய்விட்டது. குளிர்நாட்டில் ஒருவர் செய்து வெற்றி கண்ட அமைப்பை அப்படியே இங்கே பொருத்தினால் ஏன் தோற்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. துறையூர் பக்கம் போய் சோபனபுரம் வழியாக மலையேறினால் நிலைமை இன்னும் கடினம். இரண்டாவது கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தில், டர்போ முழு அழுத்தம் தந்துகொண்டிருக்கும். வெப்பம் உச்சத்தில், எதிர்க்காற்றோ மிகக் குறைவு.

எதிர்க்காற்று எவ்வளவு குறைவு என்பதை அளந்தே பார்க்கலாம். ஓடும் காரின் முகப்பில் காற்று தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கண்ணாடிக் குழாயில் நிற்கும் தண்ணீரின் உயரமாகச் சொன்னால், 120 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 65 மில்லிமீட்டர். 60இல் 16 மில்லிமீட்டர். 30இல் வெறும் 4. முகப்பின் நடுவில், பம்பர் உயரத்தில்தான் இந்த அழுத்தம் முழுமையாகக் கிடைக்கும். பக்கவாட்டிலோ பின்புறத்திலோ காற்று வண்டியை உரசிக்கொண்டு போகுமே தவிர, தானாக உள்ளே நுழையாது. ஆகவே, இருக்கிற சொற்ப அழுத்தமும் முழுதாகக் கிடைக்கும் ஒரே இடத்திலிருந்து ரேடியேட்டரை எடுப்பது, வேகமாகப் போகும்போதும் அதை ஃபேனை மட்டுமே நம்பி இருக்கச் செய்வதாகும்.

காற்றை உள்ளே விட எல்லோரும் யோசிக்கிறார்கள். வெளியே விட யோசிப்பவர்கள் குறைவு. எதிரெதிரே ஜன்னல் இல்லாத வீட்டில் ஒரு பக்கத்தை மட்டும் எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் காற்று வராது. டர்போ பொருத்திய சிறிய காரின் பானெட்டுக்குள் நடப்பதும் அதுதான். டர்போ, அதன் குழாய்கள், தடித்த புகைபோக்கி எல்லாம் சேர்ந்து ரேடியேட்டரின் பின்புறத்தை அடைத்துக்கொள்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் முன்னாலிருந்து காற்று நுழைய மறுத்து, கிரில்லைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், கீலுக்கு அடியில் வாஷர் போட்டு பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கிவிடுவது. ஓடும் காரில் அது பெரும்பாலும் எதிர்விளைவையே தரும். முன்கண்ணாடி பானெட்டைச் சந்திக்கும் இடத்தில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அழுத்தம் அதிகம். அதனால்தான் கார்களின் உள்ளறைக்கு வேண்டிய காற்றை அங்கிருந்து எடுக்கிறார்கள். அங்கே திறந்தால் காற்று வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே வரும். திறக்க வேண்டியது பானெட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால். வளைந்தேறும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைத்து உள்ளிருப்பதை உறிஞ்சும். சந்தேகம் இருந்தால் பானெட் மேல் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பார்க்கலாம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று நூலே காட்டிவிடும். மழை நீர் இறங்குமே என்பார்கள். இறங்கும். அடியில் சிறு தகட்டு வாய்க்கால் வைத்து அதை ஓரமாக வடியவிடுவது பட்டறை வேலைதான், பெரிய செலவில்லை.

பந்தயக் கார்கள் ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைக்கின்றனவே என்பது வலுவான ஆட்சேபம். 1970இல் வந்த லோட்டஸ் 72 அப்படிச் செய்து வழிகாட்டியது உண்மை. ஆனால் அந்தக் காரின் உடல், ரேடியேட்டருக்கு முன்னும் பின்னும் காற்று செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. சிறிய வாயில் நுழையும் காற்று மெல்ல விரிந்து, வேகம் குறைந்து, அழுத்தம் கூடி ரேடியேட்டரைக் கடக்க வேண்டும். பிறகு சுருங்கும் பாதையில் வேகமெடுத்து வெளியேற வேண்டும். இரண்டாம் உலகப் போரின் மஸ்டாங் விமானம் வயிற்றுக்கடியில் ரேடியேட்டரை வைத்துச் சமாளித்ததும் இப்படிப்பட்ட குழல் இருந்ததால்தான். ஹேட்ச்பேக்கின் பின்கதவுக்குள் ஒரு ரேடியேட்டரைக் கட்டிவிடுவதால் அந்தக் குழல் வந்துவிடாது. நீண்ட குழாய்களில் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும் தொல்லைதான் கூடும். 1959இல் பிறந்த பிரிட்டனின் மினி கார் இன்னும் நெருக்கமான சாட்சி. இடத்தைச் சேமிக்க அதன் ரேடியேட்டரை ஒரு பக்கமாக வைத்து, சூட்டைச் சக்கர வளைவுக்குள் ஊதவிட்டார்கள். 1990களின் இரண்டாம் பாதியில் வந்த கடைசிப் பதிப்பில் அது முகப்புக்கு வந்துவிட்டது. சத்தக் கட்டுப்பாட்டு விதிகளுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், மினியில் டர்போ பொருத்துகிறவர்களும் முகப்பைத்தான் தேடுகிறார்கள்.

அப்படியானால் இன்டர்கூலர் எங்கே போகும்? அதை ரேடியேட்டருக்கு முன்னால் முழு அகலத்துக்கு நிறுத்துவதே வழக்கம், பார்வைக்கும் மிடுக்கு. அது வெளிவிடும் சூடு ரேடியேட்டரைக் கெடுக்கும் என்ற பயம் கொஞ்சம் மிகையானது. இந்த அளவு என்ஜினில் இன்டர்கூலர் தள்ளும் வெப்பம், ரேடியேட்டர் தள்ளுவதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பின்னால் போகும் காற்றை அது சில டிகிரி மட்டுமே சூடாக்கும். உண்மையான இழப்பு வேறு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தடுப்புகளைக் கடக்க, அந்த 4 மில்லிமீட்டர் அழுத்தம் போதாது. எனவே இன்டர்கூலர் சிறிதாக இருந்தாலும், பம்பரின் கீழ்வாயில் தனக்கென்று தனிக் காற்று வாங்கும்படி அமைவது நல்லது. தடித்த ரேடியேட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் இதே இடத்தில்தான் உடைகிறது. தடிமன் கூடக் கூடத் தடுப்பும் கூடும். மலையேற்றத்தில் மெல்லிய ரேடியேட்டரும், அதன் முழு முகத்தையும் மூடும் உறையோடு கூடிய நல்ல ஃபேனும் பெரும்பாலும் அதிகப் பயன் தரும். ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளை ஃபோம் பட்டையால் அடைத்துவிட்டால், உள்ளே வந்த காற்றுக்குக் குறுக்குவழி இருக்காது.

இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் தனித்தனியாக வைப்பதற்கு நம் பக்கத்தில் இன்னொரு காரணமும் உண்டு. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசியும், பெரம்பலூரில் மக்காச்சோள அறுவடைக் காலத்துச் சருகுத் துகளும், இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய்ப் படியும். முன்னால் பார்த்தால் சுத்தமாகத் தெரியும், பின்னால் பார்த்தால் ஃபேன் மறைக்கும். இரண்டையும் நெருக்கி வைத்தே தீர வேண்டிய வண்டியில், நடுவில் தண்ணீர்க் குழாயின் முனை நுழையும் அளவுக்காவது இடைவெளி விட்டு, பின்பக்கமிருந்து முன்பக்கமாக, அழுத்தம் குறைத்துக் கழுவ வேண்டும். பம்ப் அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய அலுமினிய இதழ்கள் மடிந்து, தூசி அடைத்ததைவிட மோசமாக அடைத்துவிடும்.