புகைமூட்டம்: ஒப்பந்தம்தான் இருக்கே, புகை ஏன் இன்னும் வருது?

2013 ஜூன் 21, நண்பகல் 12 மணி. சிங்கப்பூரில் மூன்று மணி நேர பிஎஸ்ஐ குறியீடு 401ஐத் தொட்டது. அதற்கு முன் அப்படி ஓர் எண்ணை இங்கு யாரும் பார்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து, ஜொகூரின் மூவாரில் மலேசியாவின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700ஐத் தாண்டியது. அங்கு அவசரநிலையே அறிவித்தார்கள்.

இந்தப் புகையைத் தடுப்பதற்கென்றே ஓர் அனைத்துலக ஒப்பந்தம் அப்போது ஏறக்குறைய 10 ஆண்டுகளாக நடப்பில் இருந்தது. அப்புறம் எப்படி இது நடந்தது?

1997-98இல் சுமத்ராவும் கலிமந்தானும் மாதக்கணக்கில் எரிந்தபோது வட்டாரமே புகையில் மூழ்கியது. அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேடு குறித்த ஆசியான் உடன்பாடு. 2002 ஜூனில் கோலாலம்பூரில் 10 நாடுகளும் கையெழுத்திட்டன. 2003 நவம்பரில் அது நடப்புக்கு வந்தது.

ஆனால் கையெழுத்து போடுவது ஒன்று, அங்கீகரிப்பது இன்னொன்று. வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு திட்டம் சொன்னதும் எல்லாரும் பெருவிரலைத் தட்டிவிடுவார்கள் இல்லையா, கையெழுத்து கிட்டத்தட்ட அந்த மாதிரி. அந்த நாட்டுச் சட்டப்படி முறையாக அங்கீகரித்த பிறகுதான் உடன்பாடு அதைக் கட்டுப்படுத்தும். பத்தில் ஆகக் கடைசியாக அங்கீகரித்த நாடு எது தெரியுமா? இந்தோனேசியா. அதன் நாடாளுமன்றம் 2014 செப்டம்பரில்தான் ஒப்புதல் தந்தது. அதாவது, தீ எரியும் நாட்டைத் தவிர மற்ற எல்லாரையும் அந்த ஒப்பந்தம் பல ஆண்டுகள் கட்டுப்படுத்தியது!

சரி, 2014க்குப் பிறகாவது நிலைமை மாறியதா? மறு ஆண்டே 2015 புகைமூட்டம் வந்தது. செப்டம்பர் 25ஆம் தேதி சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றையும் மூடினார்கள். உங்களில் பலருக்கு அந்த விடுமுறை ஞாபகம் இருக்கும். இந்தோனேசியாவில் ஏறக்குறைய 2.6 மில்லியன் ஹெக்டர் எரிந்தது. அந்நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 16 பில்லியன் அமெரிக்க டாலர் என உலக வங்கி கணக்கிட்டது. நம்மைவிட மோசமாகப் புகையைச் சுவாசித்தவர்கள் ரியாவ், ஜம்பி, மத்திய கலிமந்தான் மக்கள்தான். இங்கே அது அடிக்கடி மறந்துபோகிறது.

எரிவது மரம் மட்டுமல்ல

சுமத்ரா, கலிமந்தானின் கரையோரங்களில் பீட் எனும் ஒருவகைச் சதுப்பு நிலம் உண்டு. மடிந்த மரமும் இலையும் முழுசாக மக்காமல், தண்ணீருக்குள் பல்லாயிரம் ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. சில இடங்களில் பல மீட்டர் ஆழம். ஈரமாக இருக்கும்வரை அது எளிதில் பற்றாது. செம்பனை பயிரிடவும் தாள் ஆலைகளுக்கான மரம் வளர்க்கவும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அதுவே எரிபொருள் ஆகிவிடும். நிலத்தைச் சுத்தம் செய்ய ஆக மலிவான வழி தீ வைப்பது. தீ மண்ணுக்கு அடியில் இறங்கிவிட்டால் மேலே தண்ணீர் ஊற்றி அணைப்பது ரொம்பக் கஷ்டம். வாரக்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் மழைதான் முடித்துவைக்கும். எல் நினோ ஆண்டில் அந்த மழையும் தாமதமாகும்.

பல்லாயிரம் ஆண்டு சேர்ந்த கரிமம் சில வாரங்களில் காற்றில் கலக்கிறது. 2015இல் பல நாள்கள், இந்தோனேசியத் தீயின் ஒரு நாள் வெளியேற்றம் முழு அமெரிக்கப் பொருளியலின் ஒரு நாள் வெளியேற்றத்தைவிட அதிகம். பருவநிலை பற்றிய பாரிஸ் உடன்பாட்டுக்கு உலக நாடுகள் தயாராகிக்கொண்டிருந்த அதே மாதங்களில் நடந்தது இது.

தண்டனையே இல்லையா?

இல்லை. ஆசியான் உடன்பாட்டில் அபராதம் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது. சச்சரவு வந்தால் நாடுகள் தங்களுக்குள் பேசி இணக்கமாகத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அதன் 27ஆம் பிரிவு. அவ்வளவுதான்.

எழுதியவர்கள் அப்பாவிகள் அல்ல. ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது ஆசியானின் அடிப்படை வழக்கம். கடுமையான தண்டனையை எழுதினால் எந்த நாடு கட்டாயம் உள்ளே இருக்க வேண்டுமோ அந்த நாடே வெளியே நின்றுவிடும். தண்டனை இல்லாத ஒப்பந்தத்தையே இந்தோனேசியா அங்கீகரிக்க 12 ஆண்டு ஆனது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதற்காக அது வெற்றுக் காகிதம் என்று சொல்லிவிட முடியாது. சிங்கப்பூரில் உள்ள ஆசியான் சிறப்பு வானிலை நிலையம் துணைக்கோளப் படங்களைப் பார்த்து, தீ எரியும் இடங்களைக் கண்டறிந்து உறுப்பு நாடுகளை எச்சரிக்கிறது. தகவல் பகிர்வு, தீயணைப்பு உதவி எல்லாம் இந்த ஒத்துழைப்பில் வருபவை. ஆனால் ‘யார் நிலத்தில் எரிகிறது?’ என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தீயின் இடம் வானத்திலிருந்து தெரியும். அந்த நிலம் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் வேண்டுமே! அதைப் பகிர்வதில்தான் பல ஆண்டு இழுபறி.

அதனால் சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 2014இல் எல்லை தாண்டிய புகைமூட்டத் தூய்மைக்கேட்டுச் சட்டத்தை இயற்றியது. அது நாட்டைக் குறிவைக்கவில்லை, நிறுவனத்தைக் குறிவைக்கிறது. வெளிநாட்டு நிறுவனமாக இருந்தாலும் சரி, அதன் செயலால் இங்கே புகை வந்தால் நாளுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். உச்சவரம்பு 2 மில்லியன் வெள்ளி. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடவும் அதில் இடம் உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாட்சி, ஆவணம் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். 2015 புகைமூட்டத்தை ஒட்டி தேசியச் சுற்றுப்புற அமைப்பு இந்தோனேசிய நிறுவனங்கள் சிலவற்றுக்கு நோட்டீஸ் அனுப்பியது. விசாரணைக்கு வராத ஓர் இயக்குநருக்கு எதிராக 2016இல் நீதிமன்ற ஆணையும் பெற்றது. ஜக்கர்த்தா அதை ரசிக்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்த ஆண்டு வேகமாக நடந்த காரியம் வேறு. 2015 அக்டோபரில் ஃபேர்பிரைஸ் முதலிய பேரங்காடிகள், விசாரணையில் பெயர் அடிபட்ட தாள் நிறுவனத்தின் பொருள்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. டிஷ்யூ பாக்கெட் வரைக்கும்! இந்தோனேசிய நீதிமன்றங்களும் சும்மா இல்லை. அச்சேயின் திரிப்பா சதுப்பு நிலத்தை எரித்த ஒரு செம்பனை நிறுவனத்துக்கு 2014இல் 366 பில்லியன் ரூப்பியா கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால் அதை வசூலிக்க ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

அப்படியானால் எந்த ஒப்பந்தமும் வேலைக்கு ஆகாதா? ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் நெறிமுறை வேலை செய்ததே! சேராத நாடுகளோடு அந்த ரசாயனங்களை வாங்கவோ விற்கவோ கூடாது என்று அதில் எழுதியிருந்தார்கள். வெளியே நின்றால் நஷ்டம். வளரும் நாடுகளுக்கு உதவ நிதியும் வைத்தார்கள். தயாரிப்பாளர்கள் குறைவு, மாற்றுப்பொருளும் வந்துகொண்டிருந்தது. புகைமூட்டத்தில் இந்தச் சாதகம் எதுவும் கிடையாது. செம்பனை எண்ணெய் பிஸ்கட்டிலிருந்து ஷாம்பு வரை இருக்கிறது. தீ வைப்பவர்களில் பெரிய நிறுவனமும் உண்டு, இரண்டு ஹெக்டர் வைத்திருக்கும் குடியானவரும் உண்டு.

பாரிஸ் உடன்பாடும் ஏறக்குறைய புகைமூட்ட உடன்பாட்டின் ஜாதிதான். ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே சொல்லும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய இலக்கைச் சொல்ல வேண்டும். தவறினால் அபராதம் இல்லை. 2035இல் வெளியேற்றத்தை 45 முதல் 50 மில்லியன் டன்னுக்குக் குறைப்பதாக சிங்கப்பூர் சொல்லியிருக்கிறது. அதை எட்டாவிட்டால் ஐநா நம் கதவைத் தட்டாது. இங்கே பெரிய ஆலைகள் வெளியேற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் இருக்கும் கரிம வரி 2024இல் 5 வெள்ளியிலிருந்து 25ஆனது. 2026இல் அது 45 வெள்ளி. அந்த 45 பாரிஸ் உடன்பாட்டில் எங்கேயும் எழுதப்பட்டதல்ல, சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் இருப்பது.