வலம்புரிச் செடியை அறிதல்



ஆவடி, அம்பத்தூர்ப் பக்கத்துத் தரிசு நிலங்களில் நம் கண்ணுக்குப் பழகிய பூ ஆவாரையின் மஞ்சளே. சிவப்புப் பூ என்றால் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு வேலியோரத்துச் செம்பருத்தியும் அரளியுமே நினைவில் எழும். எனவே, 1994ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறை கழிந்ததும், என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், திருமலைக்கு நடந்து ஏறும்போது கண்ட செடி என்று ஒரு படம் வரைந்து வந்தபோது எனக்கு ஐயம் பிறந்தது. ஒரே கிளையில் சில பூக்களுக்குச் செந்நிறமும், சிலவற்றிற்குச் சாம்பல் கலந்த நீலமும் தீட்டியிருந்தான். "சிவப்புப் பென்சில் பாதியில் தீர்ந்துவிட்டதோ?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. படத்தின் குறுக்கே கோடிட்டு, 'காட்டாத்தி' என்று பெயரும் எழுதிக் கொடுத்தேன். பிழைகள் இரண்டு; இரண்டும் என்னுடையவை.

அவன் வரைந்தது வலம்புரிச் செடி. வறண்ட மலைச் சரிவுகளிலும் ஓடைப் பள்ளங்களிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புதர். மழைக்காலத்தில் பூக்கத் தொடங்கும். பூ மலரும்போது நல்ல சிவப்பு. முதிர முதிர நிறம் வெளிறி ஈயத்தின் நீலச் சாம்பலாகிவிடும். இன்று மலர்ந்ததும் முன்பு மலர்ந்ததும் அருகருகே நிற்பதால் ஒரு கிளையில் இரு நிறம் தோன்றுகிறது. தேன்சிட்டு முதலிய பறவைகள் இப்பூவை நாடி வரும்.

காட்டாத்தியும் இத்தகைய கற்பாங்கான இடத்தில் சிவப்பாகவே பூக்கும். ஆயினும் இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. காட்டாத்தியின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை, கூர்மையாக நீண்டவை, அடிப்புறத்தில் சிறு கரும்புள்ளிகள் உண்டு. பூக்கள் விரல் நுனியளவுச் சிறு குழல்கள். வலம்புரியின் இலையோ ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்தது, அகன்றது, விளிம்பில் பற்கள் உடையது, மேற்புறம் தடவினால் சொரசொரக்கும். பூவிதழ்கள் ஐந்தும் ஒரே அளவின அல்ல. மகரந்தத் தாள்கள் ஒரு நீண்ட காம்பின் நுனியில் ஏறி, பூவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேலியில் வளரும் வெட்சியோடு இதனை மயங்குவோரும் உளர், வெட்சிக்கு நான்கே இதழ்கள், இலைகளும் எதிரெதிரானவை.

இத்தனையும் பார்க்க நேரமில்லாதவர் காயைப் பார்த்தாற் போதும். ஐந்து பிரிவுகள் ஒன்றோடொன்று கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கும் காய் அது. நாட்டு மருந்துக் கடைகளில் வலம்புரிக்காய் என்று விற்பது இதுவே. வயிற்று நோய்க்குக் கொடுப்பார்கள். அந்த மருத்துவம் பற்றி நான் பேசத் தகுதியுடையவன் அல்லேன். தமிழில் வலம்புரி என்பதும், இந்தியில் மரோட்பலி என்பதும் இம்முறுக்கைச் சொல்வனவே. 1753இல் லின்னேயஸ் சூட்டிய ஹெலிக்டெரஸ் ஐசோரா என்ற பெயரின் முற்பகுதியும் முறுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததுதான். பிற்பகுதி மலையாள நாட்டு வழக்கு; 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ஹார்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் பெருநூலின் வழியாக அவரை எட்டியது.

இவற்றை நான் அறிந்தது மறு ஆண்டு ஐப்பசியில். அலிபிரிப் படிவழியில் இளைப்பாற அமர்ந்திருந்தபோது, பக்கத்துப் பள்ளத்தில் நின்ற புதரொன்றில் செந்நிறப் பூவும் நீலச் சாம்பற் பூவும் ஒரே கிளையில் இருக்கக் கண்டேன். எழுந்து படியேறச் சற்று நேரமாயிற்று.

ஊர் திரும்பியதும், எட்டாம் வகுப்பிலிருந்த அம்மாணவனைத் தேடிச் சென்று, "தம்பி, உன் படம் சரி, நான் எழுதியதே தவறு" என்றேன். அவன் மறுநாள் அந்தப் பழைய ஏட்டைக் கொண்டுவந்து விரித்தான்.

"காயையும் வரைந்திருந்தேனே, ஐயா, பார்க்கவில்லையா?" என்றான்.

என் சிவப்புக் கோட்டின் அடியில், தாளின் ஓரத்தில், முறுக்கிய காய் ஒன்று சிறிதாக வரையப்பட்டிருந்தது.