பெரியம்மா பார்த்த வெள்ளை மலை

கிணற்றில் ஒரே கயிற்றின் இரு முனையிலும் வாளி கட்டித் தண்ணீர் இறைத்திருக்கிறீர்களா? ஒரு வாளி மேலே வரும்போது மற்றது கீழே போகும் அல்லவா? பிரான்ஸ் தேசத்தில் ஷமோனி என்ற மலையூரில் இருக்கும் ரோப் காரும் ஏறக்குறைய அந்த மாதிரிதான். வாளிக்குப் பதிலாக, அறுபது பேருக்கு மேல் நின்றுகொண்டு போகும் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்தான், புடைவைக்கு மேல் கம்பளிக் கோட்டும் காலில் என்னுடைய பழைய ஷூவுமாக, எழுபது வயது தாண்டிய என் பெரியம்மா நின்றுகொண்டிருந்தாள்.

போகும் இடத்தின் பெயர் 'எகுயீ து மிதி'. நடுப்பகல் ஊசி என்று அர்த்தமாம். ஊரிலிருந்து பார்த்தால் உச்சிப் பொழுதில் சூரியன் அந்தக் கூரிய பாறைக்கு மேலே நிற்கும். 1955ல் இந்த ரோப் கார் ஓடத் தொடங்கியபோது உலகிலேயே இதுதான் மிக உயரமானது.

ஷமோனி இருப்பது சுமார் 3,400 அடி உயரத்தில். முதல் பெட்டி 7,600 அடியில் இறக்கிவிடுகிறது. வழியில் தூணைத் தாண்டும்போதெல்லாம் பெட்டி ஓர் ஆட்டம் ஆடும், எல்லா பாஷையிலும் ஒரே மாதிரி "ஐயோ!" கேட்கும். இரண்டாவது பெட்டியில் ஏறியதும் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, நடுவிலே ஒரு தூணைக்கூடக் காணோமே?"

"இல்லைதான் பெரியம்மா."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதோ!"

சொல்லியிருந்தால் வந்திருப்பாளா? வந்திருப்பாள். ஐரோப்பாப் பயணத்தில் மற்ற ஊரெல்லாம் என் இஷ்டம். இந்த ஒரு மலை மட்டும் அவள் கேட்டது.

1966 ஜனவரி 24. பம்பாயிலிருந்து புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'காஞ்சன்ஜங்கா' விமானம் ஜினீவாவில் இறங்கப் போகும் சமயம் மோன் பிளாங் சிகரத்தில் மோதிவிட்டது. 117 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. விஞ்ஞானி ஹோமி பாபா அதில் இருந்தார். மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி எண்ணிவிட்டார். தரையிலிருந்து ரேடார்க்காரர் சொன்ன திருத்தம் சரியாகப் புரியவில்லை என்பது விசாரணையின் முடிவு. பெரியம்மா அப்போது பள்ளிக்கூடத்துச் சிறுமி. அவள் அப்பா விஞ்ஞான வாத்தியார். ரேடியோவில் செய்தி கேட்டவர் அன்று இரவு சாப்பிடாமல் படுத்துக்கொண்டாராம்.

பெட்டியிலிருந்து இறங்கி, பாறையைக் குடைந்து வைத்திருக்கும் லிஃப்டில் ஏறினால் 12,600 அடி. ஜூலை மாதத்திலும் பனி. கடல் மட்டத்தில் சுவாசிப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட அங்கே பிராணவாயு கிடையாது. நாலு படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. வயதானவர்களை அழைத்துப் போனால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். நடு நிலையத்தில் அரை மணி உட்கார்ந்து டீ சாப்பிட்டுவிட்டு மேலே போங்கள். டிக்கெட் விலையை மட்டும் ரூபாயில் மனக்கணக்குப் போடாதீர்கள். அதற்கும் நெஞ்சு படபடக்கும்!

தரையும் கண்ணாடியாக இருக்கும் ஒரு கூண்டு உச்சியில் இருக்கிறது. காலுக்குக் கீழே மூவாயிரம் அடி பாதாளம். நான் போய் நின்றுவிட்டு வந்தேன். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே வெள்ளை வெளேரென்று, கோயில் யானையின் முதுகு மாதிரி உருண்டு கிடந்த மோன் பிளாங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு சாதுவா இருக்கே" என்றாள்.

அப்போதுதான் நான் படித்து வைத்திருந்த இன்னொரு விஷயத்தைச் சொன்னேன். அதற்கு முன்பே, 1950 நவம்பர் 3ல், 'மலபார் பிரின்ஸஸ்' என்ற நமது விமானமும் இதே மலையில் மோதியிருக்கிறது. சிப்பந்திகள் 8 பேர். பிரயாணிகள் 40 பேர். அந்த நாற்பது பேரும் இங்கிலாந்தில் கப்பல் வேலைக்காகப் போன ஏழை மாலுமிகள்.

மலையிலிருந்து போஸோன் என்ற பனியாறு இறங்குகிறது. வெல்லப்பாகு மாதிரி மெள்ள நகரும் பனிக்கட்டி. மேலே புதைந்ததைப் பல வருஷம் கழித்துக் கீழே கொண்டுவந்து போடுகிறது. 2013ல் மலையேறும் இளைஞர் ஒருவர் மரகதமும் நீலமும் நிறைந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்துப் போலீசில் ஒப்படைத்தார். 2020ல், இந்திரா காந்தி பிரதமராவதைத் தலைப்பில் போட்ட 1966ம் வருஷத்துப் பத்திரிகைகள் வெளியே வந்தன.

பெரியம்மா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பாபா பேர் எனக்குத் தெரியும். அந்த நாப்பது பேரோட பேர் யாருக்குடீ தெரியும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் குளிரில் அவள் விரல்கள் சிவந்துபோயின.

இறங்கும்போது பாதி வழியில் எதிர்ப் பெட்டி மேலேறி வந்தது. அதன் ஜன்னலில் ஒரு குழந்தை கையை ஆட்டிற்று. பெரியம்மாவும் ஆட்டினாள்.