கூடங்குளம் கணினியில் புகுந்த மால்வேர்: நம்ம லேப்டாப்பை ‘க்யூப்ஸ் ஓ.எஸ்.’ காப்பாற்றுமா?

2019 அக்டோபர் கடைசி வாரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. அங்குள்ள கணினியில் ‘டிட்ராக்’ என்ற மால்வேர் புகுந்துவிட்டதாக இணையத்தில் தகவல் பரவியதுதான் காரணம்.

அக்டோபர் 29-ஆம் தேதி, அணு உலையின் கட்டுப்பாட்டு அமைப்புகள் இணையத்தோடு இணைக்கப்படாதவை, அவற்றின் மீது சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்று நிலையம் தரப்பில் விளக்கம் வந்தது. மறுநாளே, மால்வேர் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ஆம் தேதியே ‘செர்ட்-இன்’ அமைப்பு இதைத் தெரிவித்துவிட்டதாகவும் கூறியது.

உலைக்கு ஏன் ஆபத்து வரவில்லை?

பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த ஒரு கணினி. உலையை இயக்கும் உள் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதனால் கட்டுப்பாட்டு அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது அணுமின் கழகம்.

டிட்ராக் சத்தமில்லாமல் உளவு பார்க்கும் ரகம். விசைப்பலகையில் தட்டுவது, பிரவுசரில் பார்த்த பக்கங்கள், கணினியில் இருக்கும் கோப்புகளின் பட்டியல் எல்லாவற்றையும் சேகரித்துக்கொள்ளும். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் ‘லாசரஸ்’ குழுவின் கைவரிசை என்கிறார்கள் சைபர் பாதுகாப்பு ஆய்வாளர்கள்.

சரி, நம்ம லேப்டாப்பில் என்ன நிலைமை?

நம்மில் பலரும் வங்கிக் கணக்கு, ஆபீஸ் மெயில், பிள்ளைகளின் கேம், யாரோ அனுப்பிய பி.டி.எஃப். எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பில்தான் திறக்கிறோம். வீட்டின் எல்லா அறைக்கும் ஒரே சாவி மாதிரி. ஒரு கோப்பில் மால்வேர் இருந்தால் மொத்தமும் போச்சு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ‘க்யூப்ஸ் ஓ.எஸ்.’. போலந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் ஜோனா ருட்கோவ்ஸ்கா தொடங்கிய இந்த இலவச இயங்குதளத்தின் முதல் பதிப்பு 2012-ல் வெளியானது. அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடன் பாராட்டிய பிறகு பரவலாகத் தெரியவந்தது.

எப்படி வேலை செய்கிறது?

ஒரே லேப்டாப்புக்குள் பல குட்டி கணினிகளை இது உருவாக்குகிறது. ‘க்யூப்’ என்று பெயர். வங்கிக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று, சும்மா இணையம் பார்க்க ஒன்று. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி நிறத்தில் ஓரம் இருக்கும். அதனால் எந்த அறையில் இருக்கிறோம் என்பது பார்த்தவுடன் தெரியும்.

பாஸ்வேர்டுகளை வைக்கும் ‘வால்ட்’ க்யூபுக்கு இணைய இணைப்பே கிடையாது. மொத்தத்தையும் நிர்வகிக்கும் மையப் பகுதிக்கும் இல்லை. சந்தேகமான கோப்பா? தற்காலிக க்யூபில் திறக்கலாம். மூடியதும் அந்த க்யூபே அழிந்துவிடும். கூடங்குளத்தில் இரண்டு நெட்வொர்க்குகளைப் பிரித்து வைத்த அதே யோசனைதான், ஒரே லேப்டாப்புக்குள் சாப்ட்வேர் வழியாக நடக்கிறது.

முயற்சி செய்து பார்க்கலாமா?

அதற்கு முன்பு கவனிக்க வேண்டியவை:

• குறைந்தது 6 ஜி.பி. ரேம் தேவை. 16 ஜி.பி. இருந்தால்தான் சிரமமில்லாமல் ஓடும்.

• எல்லா லேப்டாப்பிலும் ஓடாது. பிராசஸரில் விர்ச்சுவலைசேஷன் வசதி இருக்க வேண்டும். க்யூப்ஸ் இணையதளத்தில் உள்ள பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

• இன்ஸ்டால் செய்யும்போது பழைய கோப்புகள் அழிய வாய்ப்பு உண்டு. முதலில் பேக்கப் எடுங்கள். இரண்டாவது லேப்டாப் இருந்தால் அதில் முயற்சி செய்வது நல்லது.

• ஒரு க்யூபிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு வரியை காப்பி செய்யக்கூட கூடுதல் படிகள் உண்டு. வீடியோ காலுக்கு கேமராவை அந்தந்த க்யூபோடு இணைக்க வேண்டும். கிராபிக்ஸ் அதிகமுள்ள கேம்களுக்கு இது சரிப்படாது.

இவ்வளவு வேண்டாம் என்றால், ‘டெயில்ஸ்’ என்ற இன்னொரு இயங்குதளம் இருக்கிறது. 8 ஜி.பி. பென் டிரைவிலிருந்தே ஓடும். லேப்டாப்பில் உள்ளதைத் தொடாது, அணைத்தால் தடயமும் விடாது.

எதைத் தடுக்காது?

போலி வங்கி இணையதளத்தில் நாமே பாஸ்வேர்டைத் தட்டினால், போனில் ஓ.டி.பி.யைச் சொன்னால், எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், பிறரின் ரகசியங்களைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு க்யூப்ஸ் சிரமப்பட்டாலும் பலன் தரும். மற்றவர்கள் அதன் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: வங்கி வேலைக்குத் தனி பிரவுசர், பிள்ளைகளுக்குத் தனி யூசர் கணக்கு, தெரியாத பென் டிரைவைச் செருகாமல் இருப்பது. இதற்குச் செலவே இல்லை. இன்றைக்கே செய்துவிடலாம்.